வாசகர் கேட்டவை: மசாச்சூசெற்ஸ் முதல் மானிப்பாய் வரை

அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்திற்கு வந்த வரலாற்றைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதன் பின்னர் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, கட்டுரையில் அடிக்கடி இடம்பெற்ற மசாச்சூசெற்ஸ் என்னும் அமெரிக்க மாநிலத்தைப் பற்றியே கேட்டிருந்தன. நம் பாட்டன் பூட்டன்மார் படித்த பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களையும், வைத்தியசாலைக்கு வைத்தியரையும், அச்சுக்கூடத்திற்கு எந்திரத்தையும் அனுப்பிவைத்தவர்களின் ஊர் எப்படிப்பட்டது என்று அறிய விரும்புவது இயல்பானதே. ஆகவே இம்மாதக் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அந்த ஒரு மாநிலத்தின் வரலாற்றிற்கு ஒதுக்கியிருக்கிறோம்.

மசாச்சூசெற்ஸ் எங்கே இருக்கிறது? அதன் வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது? மேபிளவர் என்ற கப்பலில் வந்தவர்களே அதன் முதற்குடிகள் என்று படித்தேன். அது சரிதானா?
(உயர்தர வகுப்பு மாணவி, மானிப்பாய்)

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில், அத்திலாந்திக் கரையோரமாக, நியூ இங்கிலாந்து என்று வழங்கும் ஆறு மாநிலங்களுள் ஒன்று மசாச்சூசெற்ஸ். தலைநகரம் பொஸ்ரன். நீர்ப்பரப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 27,000 சதுர கிலோமீற்றர். அதாவது, இலங்கையின் பாதிக்கும் குறைவு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே சுமார் 70 இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள்.

மேபிளவரில் வந்தவர்கள் முதற்குடிகள் அல்லர். மாநிலத்தின் பெயரே பொஸ்ரனுக்கு அண்மையில் வாழ்ந்த மசாச்சூசெற் என்னும் பூர்வகுடி மக்களின் பெயர். ‘பெரிய குன்றின் அருகே’ என்பது அதன் பொருள். அவர்களுக்குத் தெற்கே வாம்பனோவாக் மக்களும், உள்நாட்டில் நிப்மக் மக்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வந்தார்கள். 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் ஒன்று அந்தக் கரையோரக் கிராமங்களை வெறுமையாக்கிவிட்டது. 1620ஆம் ஆண்டின் இறுதியில் 102 பயணிகளோடு வந்த மேபிளவர், பதுக்செற் என்ற அத்தகைய வெற்றுக் கிராமம் ஒன்றின் இடத்திலேயே பிளிமத் குடியேற்றத்தை அமைத்தது. முதல் மாரி முடிவதற்குள் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துபோனார்கள். எஞ்சியோர் பிழைத்ததற்கு முக்கிய காரணம், அதே பதுக்செற் கிராமத்தில் பிறந்த திஸ்குவாண்டம் என்ற மனிதர். 1614இல் ஆங்கிலேய மாலுமி ஒருவன் அவரைப் பிடித்துச் சென்று ஸ்பெயினில் விற்றான். அங்கிருந்து தப்பி இங்கிலாந்து சென்று, ஆங்கிலம் பழகி, 1619இல் ஊர் திரும்பியபோது, தம்முடைய சனங்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லாததை அவர் கண்டார். சோளம் விதைக்கவும் மீன் பிடிக்கவும் குடியேறியவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அவரே. ஊர் முழுவதும் அழிந்த பின் திரும்பி வந்து, அந்த மண்ணில் வேறொருவர் வீடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் நிலையை நம் பகுதி வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வுக்குப் படிக்கும் தங்களுக்காக இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன். மேபிளவர் பயணிகள் கரையிறங்கும் முன்பே, 1620 நவம்பரில், 41 ஆண்கள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். தமக்குள் ஓர் ஆட்சியை அமைத்து, அது இயற்றும் சட்டங்களுக்குத் தாமே கட்டுப்படுவதாக அதில் உறுதி கூறினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1630இல், ஜோன் வின்துரொப் தலைமையில் வந்த பெருங்கூட்டத்தார் பொஸ்ரனை நிறுவினார்கள். அவர்கள் மன்னர் வழங்கிய பட்டயத்தை இலண்டனில் விட்டுவிடாமல் கப்பலிலேயே கொண்டுவந்தார்கள். பட்டயம் இருக்கும் இடத்திலேயே ஆட்சியும் இருக்கும் என்பது அவர்களின் கணக்கு. இந்த மாநிலத்தின் வரலாற்றில் பெரிய திருப்பங்கள் வரும்போதெல்லாம் எழுதப்பட்ட ஏடு ஒன்று நடுவில் இருப்பதைக் காண்பீர்கள்.

தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் என்று அமெரிக்கர் சென்ற இடமெல்லாம் முதலில் பள்ளிக்கூடமும் பிறகு அச்சுக்கூடமும் எழுந்தன. அது அவர்களின் ஊர் வழக்கமா, அல்லது நமக்கென்று வகுத்த திட்டமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை)

ஐயா, அது அவர்களின் ஊர் வழக்கமே. மசாச்சூசெற்ஸில் குடியேறிய பியூரித்தான்கள் என்ற சீர்திருத்தக் கிறித்தவர்கள், ஒவ்வொருவரும் வேதாகமத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்று கருதியவர்கள். பொஸ்ரனில் 1635இல் இலத்தீன் பாடசாலை ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஹாவார்ட் கல்லூரிக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. 1647இல் நிறைவேறிய ஒரு சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுத வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும் எனவும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பாடசாலை ஒன்றை நடத்த வேண்டும் எனவும் விதித்தது. காட்டை வெட்டி வயலாக்கிக் கொண்டிருந்தவர்கள், ஊர்ப் பணத்தில் ஆசிரியரை வைக்க வேண்டும் என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சட்டம் இது. 1852இல் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்டமியற்றியதும் இதே மாநிலம்தான்.

அச்சுக்கூடத்தின் கதை இன்னும் ஆழமானது. 1638இல் இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரத்தோடு புறப்பட்ட பாதிரியார் நடுக்கடலில் இறந்துவிட, அவருடைய மனைவி கேம்பிறிட்ஜ் நகரில் அதை நிறுவச் செய்தார். ஆங்கிலக் குடியேற்றங்களின் முதல் அச்சுக்கூடம் அது. 1663இல் அங்கே முழு வேதாகமம் ஒன்று அச்சேறியது. அது ஆங்கிலத்தில் அமைந்ததன்று. மசாச்சூசெற் பூர்வகுடிகளும் வாம்பனோவாக் மக்களும் பேசிய மொழியில் அமைந்தது. ஜோன் எலியற் என்ற பாதிரியாரின் பெயரில் அது வழங்கினாலும், மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தவர்கள் பூர்வகுடி அறிஞர்கள். எழுத்துக்கோத்தவர்களுள் ஒருவர் வோவாஸ் என்ற நிப்மக் இளைஞர். 1665இல் கலெப் சீசாத்தோமக் என்ற வாம்பனோவாக் மாணவர், இலத்தீனும் கிரேக்கமும் கற்று, ஹாவார்டில் பட்டம் பெற்றார்.

பத்தே ஆண்டுகளில் எல்லாம் குலைந்தது. நிலத்தை இழந்துகொண்டே வந்த வாம்பனோவாக் மக்கள், மெற்றாக்கொம் என்ற தலைவரின் கீழ் 1675இல் போர் தொடுத்தார்கள். கிறித்தவராக மாறி, ஆங்கிலேயரின் பக்கம் நின்ற பூர்வகுடிகளையும் நம்பாமல், பொஸ்ரன் துறைமுகத்தில் உள்ள மான்தீவு என்னும் காற்று வீசும் வெறுந்தீவில் மாரிக்காலத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். பலர் பசியாலும் குளிராலும் இறந்தார்கள். 1676 ஓகஸ்டில் மெற்றாக்கொம் கொல்லப்பட்டார். பிடிபட்ட பலர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக விற்கப்பட்டனர். அந்த வேதாகமத்தின் பிரதிகளிலும் பெரும்பகுதி போரில் அழிந்தது. பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அமைத்த அதே கைகளே இதையும் செய்தன என்பதை மறைத்து இந்த மாநிலத்தின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

ஆயினும், எஞ்சிய பிரதிகள் வேறொரு பயனைத் தந்தன. வாம்பனோவாக் மொழியைப் பேசுவோர் ஒருவரும் இல்லாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னர், 1993இல் ஜெசி லிற்றில் டோ பெயாட் என்ற வாம்பனோவாக் பெண்மணி, அந்த வேதாகமத்தையும் தம் முன்னோர் தம் மொழியில் எழுதிவைத்த காணி உறுதிகளையும் கடிதங்களையும் கொண்டு அம்மொழியை மீட்டெடுக்கத் தொடங்கினார். அவருடைய மகள் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தார். பல தலைமுறைகளுக்குப் பின் அவ்வாறு வளர்ந்த முதற் பிள்ளை அவர். ஒரு மொழி அச்சேறிவிட்டால், பேசும் வாய்கள் மறைந்த பின்னும் அது காத்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் கண்டதில்லை.

சேலம் நகரில் சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்கள் என்பது உண்மையா? அந்தச் சேலம் நமது சேலமா?
(வாசகர், சாவகச்சேரி)

தமிழ்நாட்டுச் சேலத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. இது வேதாகமத்திலிருந்து எடுத்த பெயர். சேலத்தில் எவரையும் எரிக்கவில்லை. 1692இல் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ மாட்டேன் என்று நின்ற முதியவர் கைல்ஸ் கோரியின் உடல்மேல் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். ‘அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது’ என்ற சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே இத்தனை உயிர்கள் போவதற்குக் காரணம். ஆளுநர் அந்த நீதிமன்றத்தை அதே ஆண்டு ஒக்ரோபரில் கலைத்தார். நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவால், 1697இல் தேவாலயத்தில் சபையார் முன்னிலையில் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்புக் கடிதம் வாசிக்கப்பட்டது. தண்டனை விதிக்கப்பட்டும் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜோன்சன் என்ற பெண்ணின் பெயரில் இருந்த களங்கம் மட்டும் நீங்காமலே கிடந்தது. நோத் அண்டோவர் என்ற ஊரின் பாடசாலை மாணவர்கள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து முயன்றதால், 2022இல் சட்டசபை அதையும் நீக்கியது.

பொஸ்ரன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது நமது இலங்கைத் தேயிலை என்று எங்கள் கடையில் ஒரு விவாதம் நடந்தது. தீர்த்துவையுங்கள்.
(பலசரக்கு வணிகர், கோப்பாய்)

அது சீனத் தேயிலை. பொஸ்ரன் நிகழ்ச்சி நடந்தது 1773 டிசெம்பர் 16ஆம் நாள் இரவு. ஜேம்ஸ் ரெய்லர் கண்டிக்கு அருகில் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது 1867இல். எனவே, இடையில் 90 ஆண்டுகளுக்கு மேல் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி, விற்காமல் தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நேரடியாக அனுப்ப ஆங்கிலப் பாராளுமன்றம் அனுமதி அளித்தது. இறாத்தலுக்கு 3 பென்ஸ் வரி இருந்தபோதிலும் விலை முன்னரைவிடக் குறைவாகவே அமைந்தது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் கொதித்தார்கள் என்றால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பாராளுமன்றம் விதித்த வரியை ஒரு முறை கொடுத்துவிட்டால் அது உரிமையாகிவிடும் என்று அஞ்சினார்கள். மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டிகளைக் கோடரியால் பிளந்து, 92,000 இறாத்தலுக்கு மேற்பட்ட தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அப்போது கடல் வற்றியிருந்த நேரமாதலால், தேயிலை கப்பலோரமாகவே குவிந்து கிடந்ததாம்.

இலண்டன் இதற்குப் பதிலாக 1774இல் துறைமுகத்தை மூடியதோடு, மாநிலத்தின் பட்டயத்தையும் திருத்தி, ஆளுநரின் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் கூடக் கூடாது என்றது. துறைமுகம் மூடியது பட்டினத்தாரைத் தாக்கியது. ஊர்க்கூட்டத்தைத் தடுத்தது ஒவ்வொரு கிராமத்தானையும் தாக்கியது. 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்ரனிலும் கொன்கோட்டிலும் துப்பாக்கிகள் வெடித்தபோது கமக்காரர்கள் திரண்டு நின்றதன் காரணம் அதுவே. 1776 மார்ச் 17இல் ஆங்கிலப் படை பொஸ்ரனை விட்டு வெளியேறியது.

உலகில் இன்றும் நடைமுறையில் உள்ள மிகப் பழைய எழுத்துவடிவ அரசியலமைப்பு மசாச்சூசெற்ஸினுடையது என்பார்கள். அதில் அப்படி என்ன சிறப்பு?
(சட்டத்தரணி, நல்லூர்)

1780இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏடு, 1787இல் எழுதப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சி அரசியலமைப்பைவிட மூத்தது. நமது நாடு சுதந்திரம் பெற்ற பின்னர் 1972இலும் 1978இலும் என இரண்டு தடவை புதிய யாப்பை எழுதிவிட்டது என்பதை நினைக்கும்போது, 240 ஆண்டுகளுக்கு மேலாக, பல திருத்தங்களோடு, ஒரே யாப்பு நிலைத்திருப்பது எளிய செய்தி அன்று. அதற்கான விடை அது எழுதப்பட்ட முறையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

1778இல் சட்டசபை தானே ஒரு யாப்பை எழுதி ஊர்களுக்கு அனுப்பியது. ஊர்க்கூட்டங்கள் அதை நிராகரித்தன. உரிமைகளின் பட்டியல் இல்லை என்பது ஒரு குறை. ஆட்சி செய்வோரே தம் ஆட்சிக்கு விதி எழுதுவது முறையன்று என்பது இன்னொரு குறை. பின்னர், அதற்கென்றே தெரிவுசெய்யப்பட்ட மாநாடு ஒன்று 1779இல் கூடியது. ஜோன் அடம்ஸ் வரைவை எழுதினார். ஊர்க்கூட்டங்கள் பிரிவு பிரிவாக அதை வாசித்து விவாதித்த பின்னரே அது ஏற்கப்பட்டது. அதிகாரங்களைப் பிரித்துவைப்பதன் நோக்கம் மனிதரின் ஆட்சியாக அன்றிச் சட்டங்களின் ஆட்சியாக இருத்தலே என்று அதில் ஒரு விதி சொல்கிறது. கல்வியைப் பேணுவது சட்டசபையின் கடமை என்று இன்னொரு பகுதி சொல்கிறது.

ஆனால், அந்த ஏட்டுக்கு உயிர் கொடுத்தவர் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பெண். மாநிலத்தின் மேற்கெல்லையில் உள்ள ஷெபீல்ட் என்ற ஊரில், ஜோன் ஆஷ்லி என்ற செல்வந்தரின் வீட்டில், பெற் என்ற பெண் அடிமையாக இருந்தார். அடுப்பில் பழுக்கக் காய்ந்த கரண்டியால் எசமானி இன்னொரு பெண்ணை அடிக்க ஓங்கியபோது, இவர் குறுக்கே கையை நீட்டி அடியைத் தாங்கிக்கொண்டார். அந்தத் தழும்பை அவர் மூடி மறைத்ததே இல்லை என்பார்கள். ‘எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்’ என்ற யாப்பின் முதல் விதி அவர் காதில் விழுந்தது. ‘அப்படியானால் நானும் அதில் அடக்கம்தானே?’ என்ற கருத்தோடு, தியடோர் செட்ஜ்விக் என்ற சட்டத்தரணியிடம் அவர் சென்றார். 1781 ஓகஸ்டில், கிறேற் பாரிங்ரன் நகரில் நடந்த வழக்கில், ஜூரிமார் அவரை விடுதலை செய்து, 30 சிலின் நட்டஈடும் வழங்கினார்கள். எலிசபெத் பிறீமன் என்று அவர் பெயரிட்டுக்கொண்டார். கூலிக்கு வேலை செய்து, வீடும் நிலமும் வாங்கி, 1829இல் காலமானார். குவொக் வோக்கர் என்ற இன்னொருவரின் வழக்கில், தலைமை நீதியரசர் வில்லியம் குஷிங், அந்த விதியும் அடிமைமுறையும் ஒன்றாக நிற்க முடியாது என்று 1783இல் ஜூரிமாருக்கு எடுத்துரைத்தார். 1790ஆம் ஆண்டின் முதற் குடிசன மதிப்பீட்டில், மசாச்சூசெற்ஸில் அடிமைகளின் எண்ணிக்கை பூச்சியம் என்று பதிவாகியிருந்தது. எழுதியவர்களின் மனதில் இல்லாத ஒருவரும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படியேற முடிந்தது. யாப்பு ஒன்றின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. 1976இல் அந்த விதியில் ‘மனிதர்’ என்று ஆண்பாலாக ஒலித்த சொல், ‘மக்கள்’ என்று மாற்றப்பட்டது.

அதே யாப்பின் கீழ் ஏழைக் கமக்காரர்களுக்கு எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. போருக்குப் பின் வரியையும் கடனையும் நாணயமாகவே கட்ட வேண்டியிருந்ததால் காணிகளை இழந்தவர்கள், டானியல் ஷேஸ் என்ற முன்னாள் படைவீரரோடு சேர்ந்து, 1786இல் நீதிமன்றங்களைக் கூட விடாமல் மறித்தார்கள். அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஆனால் அது எழுப்பிய அச்சம் கூட்டாட்சி யாப்பு விரைந்து எழுதப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. அந்த யாப்பை மசாச்சூசெற்ஸ் 1788 பெப்ரவரி 6இல், 187 வாக்குகளுக்கு 168 என்ற சிறு வித்தியாசத்தில், ஆறாவது மாநிலமாக ஏற்றுக்கொண்டது.

மெயின் மாநிலம் முன்பு மசாச்சூசெற்ஸின் பகுதியாக இருந்ததா?
(வாசகர், பருத்தித்துறை)

ஆம். 1820 மார்ச் 15 வரை இருந்தது. அடிமைமுறையை ஏற்ற மிசூரி ஒன்றியத்தில் சேரவிருந்ததால், அதற்குச் சமநிலையாக அடிமைமுறை அற்ற மாநிலம் ஒன்று வேண்டியிருந்தது. மெயின் மக்களும் நெடுங்காலமாகப் பிரிவினை கேட்டு வந்தார்கள்.

சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டிடத்திற்கும் பொஸ்ரனுக்கும் தொடர்பு உண்டு என்று பேத்தி சொல்கிறாள். நம்ப முடியவில்லை.
(வாசகி, கொக்குவில்)

தங்கள் பேத்தி சொன்னது சரி, அம்மா. பொஸ்ரனைச் சேர்ந்த பிரெடெரிக் ரியூடர் என்ற வணிகர், மாரிக்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து பனிக்கட்டியை வாளால் அறுத்து, மரத்தூளுக்குள் பொதிந்து, வெப்பநாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கப்பலில் 180 தொன் ஏற்றப்பட்டது. நான்கு மாதங்கள் கடலில் கிடந்தும், ஏறத்தாழ 100 தொன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. சென்னையில் அதைச் சேமித்து வைப்பதற்காக 1842இல் கட்டப்பட்டதே அந்தக் கட்டிடம்.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. 1893இல் சிக்காகோ சமய மாநாட்டிற்கு அறிமுகக் கடிதம் இல்லாமல் தவித்த சுவாமி விவேகானந்தர், மசாச்சூசெற்ஸில் தங்கியிருந்தபோது, ஹாவார்ட் பேராசிரியர் ஜோன் ஹென்றி றைற் என்பவரைச் சந்தித்தார். அவர் எழுதிக்கொடுத்த பரிந்துரையே வழியைத் திறந்தது. 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உரையாற்றி, கடல் கடந்து சென்னை சேர்ந்த சுவாமிகள் தங்கியது அந்தப் பழைய பனிக்கட்டி வீட்டில். இன்று அது விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது.

அமெரிக்க மிசன் பொஸ்ரனிலிருந்து ஏன் யாழ்ப்பாணத்தைத் தேர்ந்தெடுத்தது? வட்டுக்கோட்டைச் செமினரியை ஏன் மூடினார்கள்?
(பழைய மாணவர், சண்டிலிப்பாய்)

1806இல் மசாச்சூசெற்ஸின் மேற்குப் பகுதியில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியின் மாணவர்கள் ஐவர், வெளியே செபத்திற்குக் கூடியிருந்தபோது இடிமுழக்கத்தோடு மழை பிடித்துக்கொள்ள, ஒரு வைக்கோற் போரின் மறைவில் ஒதுங்கி நின்று, ஆசியாவுக்கு ஊழியம் செய்யச் செல்வது பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சின் விளைவாக 1810இல் பிறந்த சங்கமே அமெரிக்க மிசனை அனுப்பியது; அதன் தலைமையகம் பொஸ்ரனில் இருந்தது. முதலிற் சென்றவர்களை இந்தியாவில் கம்பெனி ஆட்சி தங்கவிடவில்லை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல், இளம் மனைவியை மொரிசியஸில் அடக்கம் செய்துவிட்டு, 1813இல் தனியே இலங்கைக்கு வந்தார். மறுகரையில் உள்ள தமிழ்நாட்டோடு ஒரே மொழி பேசும் யாழ்ப்பாணத்தை அவர் பரிந்துரைத்தார். 1815 ஒக்ரோபர் 23இல் நியூபரிபோட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ட்றையட்’ என்ற பாய்க்கப்பல் ஐந்து மாதங்களில் கொழும்பை அடைந்தது. 1816இன் பிற்பகுதியில் தெல்லிப்பழையில் பணி தொடங்கியது. அதை நடத்திய டானியல் பூவர், சேலத்திற்கு அடுத்த டான்வேர்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். 39 ஆண்டுகள் கழித்து, 1855இல், மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார்.

1820இல் அச்சாளர் ஒருவர் அனுப்பப்பட்டபோது, ஆங்கில அரசாங்கம் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. 1834இலேயே மானிப்பாயில் அமெரிக்க அச்சுக்கூடம் முறையாக இயங்கத் தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’ என்ற பத்திரிகை வெளிவந்தது.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானசாத்திரமும் கணிதமும் தமிழிலக்கியமும் அருகருகே கற்பிக்கப்பட்டன. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். அதற்கு முன்னரே, 1855இல், செமினரி மூடப்பட்டுவிட்டது. பொஸ்ரனிலிருந்து வந்த செயலாளர் றூபஸ் அண்டர்சன், ஆங்கிலக் கல்வி கற்றவர்கள் ஊழியத்திற்கு வராமல் அரசாங்க உத்தியோகத்திற்குப் போகிறார்கள் என்று கண்டு, அந்த முடிவை வலியுறுத்தினார். சங்கத்தின் கணக்கில் அது நியாயமாக இருந்திருக்கலாம். யாழ்ப்பாணத்தின் கணக்கில் அது பெரும் இழப்பு. அந்த இழப்பைப் பொறுக்காத இவ்வூர் மக்களின் முயற்சியே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தோற்றுவித்தது. மிசன் பள்ளிகள் சைவப் பிள்ளைகளை மதம் மாற்ற முனைந்தன என்பதும், ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அச்சுக்கூடத்திற்கு அச்சுக்கூடத்தாலேயே பதில் சொன்னார் என்பதும் இந்த வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதவை.

கரப்பந்தாட்டம் அமெரிக்காவில் பிறந்தது என்பது மெய்யா?
(விளையாட்டுக் கழக உறுப்பினர், அவரங்கால்)

மெய்யே, அதுவும் இதே மாநிலத்தில். 1891 டிசெம்பரில் ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் ஆணியடித்துக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். வயது கூடிய ஆண்களுக்கு அது கடினமாக இருந்ததால், 1895இல் அயலூரான ஹோலியோக்கில் வில்லியம் மோர்கன், ஒருவரையொருவர் முட்டாமல் வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் ஆட்டம் ஒன்றை அமைத்தார். நமது தேசிய விளையாட்டு அதுவே.

மகன் தொழில் நிமித்தம் பொஸ்ரனில் இருக்கிறான். அடுத்த மாதம் அவனிடம் செல்கிறேன். யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய இடம் ஏதேனும் அங்கே பார்க்க உண்டா?
(வாசகர், உடுவில்)

பொஸ்ரனிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் வூஸ்ரர் என்ற நகரம் இருக்கிறது. 1822இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே பிறந்தார். 1846 ஒக்ரோபர் 16இல், பொஸ்ரனில் உள்ள மசாச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில், ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிச் செய்த சத்திரசிகிச்சை உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் வந்த இந்த இளம் வைத்தியர், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு, 60 பேருக்கு மேல் மேனாட்டு வைத்தியம் பயிற்றினார். நாடியையும் நரம்பையும் மாணவர் தம் தாய்மொழியில் அறிய வேண்டும் என்று, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்று வெளிவந்த அவருடைய நூல்களுக்காக, ஒவ்வொரு எலும்புக்கும் ஒவ்வொரு நோய்க்கும் தமிழ்ச்சொல் தேடி, இவ்வூர் மாணவர்களோடு இருந்து உழைத்தார். மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை. 1884இல் வூஸ்ரரில் காலமாகும் முன்னர், தமது கல்லறையில் ‘தமிழருக்கு மருத்துவ ஊழியர்’ என்ற பொருளில் பொறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய குடும்பத்தார் வாழ்ந்த நிலம், கிறீன் குன்றுப் பூங்கா என்ற பெயரில் இன்று நகரத்தாருக்குரியதாக இருக்கிறது.

மற்றது, கேம்பிறிட்ஜில் ஹாவார்டின் ஹூற்றன் நூலகம். தெல்லிப்பழையிலிருந்தும் பண்டத்தரிப்பிலிருந்தும் மிசனறிமார் பொஸ்ரனுக்கு எழுதிய கடிதங்கள், அமெரிக்கச் சங்கத்தின் ஆவணங்களோடு அங்கே பேணப்படுகின்றன. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு செல்லுங்கள். உடுவில் என்று குறித்த கட்டுகளைக் கேளுங்கள். தங்கள் ஊரில் 1824இல் தொடங்கிய பெண்கள் பாடசாலையின் ஆரம்பகாலப் பிள்ளைகளைப் பற்றி எதையேனும் காண நேர்ந்தால், பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த இதழில் வெளியிட ஆவலோடு காத்திருக்கிறோம்.